விடப்பட்ட வரியை யார் செலுத்துகிறார்?
தனியார் பாடசாலைகளின் ஆதனவரி பற்றிய ஒரு பாடம்

சோலைவரித் துண்டு வீட்டுக்கு வந்தால் முதலில் நாம் தொகையைப் பார்க்கிறோம். அடுத்ததாக, அயல்வீட்டாருக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று விசாரிக்கிறோம். இதில் குற்றம் எதுவும் இல்லை. ஒரு வரி எல்லோர்மீதும் ஒரே அளவுகோலால் விதிக்கப்படுகிறதா என்று அறிய விரும்புவது குடிமக்களின் உரிமை. அயலில் உள்ள பெரிய வளவு ஒன்றுக்கு வரியே கிடையாது, அல்லது அற்ப தொகைதான் என்று தெரியவரும்போது, அது ஏன் என்று கேட்பதும் அவ்வாறே.

தனியார் பாடசாலைகளைப் பற்றி இக்கேள்வி பிரித்தானியாவில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்தது. 2022 இல் ஸ்கொத்லாந்திலும் 2025 இல் இங்கிலாந்திலும் அது சட்டத்தினால் தீர்க்கப்பட்டது. கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகள் அதுவரை அனுபவித்து வந்த ஆதனவரிச் சலுகை நீக்கப்பட்டது.

இது தூர தேசத்துச் செய்திதானே என்று நாம் விட்டுவிட முடியாது. தரும ஸ்தாபனம், நம்பிக்கைப் பொறுப்பு, வரிவிலக்கு ஆகிய கருத்துக்கள் ஆங்கிலேய ஆட்சியோடு எமது நாட்டுக்கும் வந்தவை. எமது ஊர்களில் உள்ள பழைய பாடசாலைகள் பலவற்றை நிறுவியவை திருச்சபைகள். பொதுப் பணம் யாருடைய பாடசாலைக்கு, எந்த நிபந்தனையோடு செல்ல வேண்டும் என்ற விவாதம் எமக்கும் பழகியதே. ஆகவே இவ்விடயத்தை ஒரு பாடமாக எடுத்து, படிப்படியாக நோக்குவோம்.

ஆதனவரி எவ்வாறு கணிக்கப்படுகிறது?

வருமானவரி ஒருவர் உழைத்த பணத்தின் மீது விதிக்கப்படுவது. ஆதனவரி ஒருவர் வைத்திருக்கும் அல்லது பயன்படுத்தும் காணி, கட்டடத்தின் மீது விதிக்கப்படுவது. அந்த ஆண்டில் இலாபம் வந்ததா நட்டம் வந்ததா என்று அது பார்ப்பதில்லை. வளவு இருந்தால் வரியும் உண்டு.

இங்கிலாந்தில் வீடுகளுக்கு ஒரு வரியும், கடை, தொழிற்சாலை, பாடசாலை போன்ற ஏனைய கட்டடங்களுக்கு வேறொரு வரியும் உண்டு. இரண்டாவது வகையே இங்கு எமது விடயம். ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அப்பெறுமதியில் ஒரு பங்கை வரியாக அறவிடுகிறார்கள். பாடசாலைக் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பவர் அரிது. ஆகையால் அத்தகைய கட்டடத்தைக் கட்ட எவ்வளவு செல்லும் என்பதைக் கொண்டு அதன் பெறுமதி கணிக்கப்படுகிறது. 2025-26 நிதியாண்டில் பெரிய கட்டடங்களுக்கு ஒரு பவுண் பெறுமதிக்கு 55.5 பென்ஸ் என்பது வரி வீதம்.

தரும ஸ்தாபனங்களுக்கு இவ்வரியில் சலுகை உண்டு. 1961 ஆம் ஆண்டுச் சட்டம் வரியில் பாதியைத் தள்ளுபடி செய்தது. 1988 ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டம் அதை 80 வீதமாக உயர்த்தியது. தரும ஸ்தாபனமாகப் பதிவு பெற்ற தனியார் பாடசாலைகளும் இச்சலுகைக்கு உரியனவாயின. இங்கிலாந்தின் தனியார் பாடசாலைகளில் ஏறத்தாழ அரைவாசி இவ்வாறு பதிவு பெற்றவை. ஏனையவை இலாப நோக்குடைய நிறுவனங்களாகவோ தனியார் உடைமைகளாகவோ இருப்பதால் முழு வரியையும் செலுத்தி வந்தன.

இங்கே ஒரு முரண்பாட்டை அவதானிக்க வேண்டும். உள்ளூராட்சி மன்றம் நடத்தும் சாதாரண இலவசப் பாடசாலைக்கு இச்சலுகை கிடையாது. அதன் முழு வரியும் பொதுப் பணத்திலிருந்து கட்டப்படுகிறது. அதே வீதியில் உள்ள, கட்டணம் அறவிடும் பாடசாலை தரும ஸ்தாபனம் என்ற பெயரால் ஐந்தில் ஒரு பங்கையே செலுத்தியது. நியாயமாக இருக்கவேண்டுமென்றால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: திருச்சபைகள் நிறுவி, அரச முறைமைக்குள் இலவசமாகக் கற்பிக்கும் உதவிபெறும் பாடசாலைகளுக்கும் தரும ஸ்தாபனச் சலுகை உண்டு. அவற்றின் சலுகையைப் பற்றி எவரும் முறையிடவில்லை. ஏழைப் பிள்ளையும் கட்டணமின்றி அவற்றின் வாசலால் உள்ளே போகலாம் என்பதே காரணம்.

ஒரே ஆண்டில் பிறந்த இரு சட்டங்கள்

இவ்விவாதத்தின் வேர் மிகப் பழையது. 1601 ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று ஏழைகள் நிவாரணச் சட்டம். ஒவ்வொரு பங்கிலும் காணி, வீடு வைத்திருப்போரிடம் வரி சேர்த்து அப்பங்கின் ஏழைகளைப் பராமரிக்க வேண்டும் என்று அது விதித்தது. இன்றைய உள்ளூராட்சி வரிகளின் தொடக்கத்தை இதில் காணலாம். மற்றையது தரும நிதிகள் பற்றிய சட்டம். எவை தருமக் காரியங்கள் என்று அதன் முகவுரை ஒரு பட்டியல் கொடுத்தது. முதியோர், நோயாளர், ஏழைகள் ஆகியோருக்கு உதவுவதோடு, பாடசாலைகளைப் பராமரிப்பதும் அப்பட்டியலில் இருந்தது.

ஆகவே ஆதனவரியும் தருமத்தின் சட்டபூர்வமான வரைவிலக்கணமும் ஒரே ஆண்டில் பிறந்தவை. இரண்டின் நோக்கமும் ஒன்றே: இல்லாதவனுக்கு உதவுவது. ஒன்று கட்டாயத்தினால் உதவியது. மற்றையது மனமுவந்து கொடுப்பவரைப் பாதுகாத்து உதவியது. தருமக் காரியத்துக்கு வரியில் சலுகை கொடுப்பதன் நியாயமும் இதிலேயே தங்கியிருக்கிறது. அரசு செய்யவேண்டிய வேலையின் ஒரு பங்கை இந்த ஸ்தாபனம் செய்கிறது. ஆகவே அதனிடம் வரி கேட்க வேண்டியதில்லை என்பதே அந்த நியாயம்.

1891 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இதை மேலும் விரிவாக்கியது. மொரேவியன் திருச்சபையின் மறைபரப்புப் பணிக்கென விடப்பட்ட ஒரு சொத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டா என்பதே வழக்கு. உண்டு என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பில் தருமம் நான்கு வகையாகப் பகுக்கப்பட்டது: வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமூகத்துக்கு நன்மை தரும் ஏனைய காரியங்கள்.

இதன் விளைவை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். கல்வி தனி வகையாகப் பிரிந்து நின்றதால், ஏழைகளோடு அதற்கு இருந்த தொடர்பு தளர்ந்தது. கல்வி கொடுத்தால் போதும். யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியமில்லை என்றாயிற்று. ஏழை மாணாக்கரின் பெயரால் தொடங்கப்பட்ட பழைய பாடசாலைகள் சில காலப்போக்கில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் பாடசாலைகளாயின. சலுகை மட்டும் மாறாமல் நின்றது.

பொது நன்மை எங்கே?

2006 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரும ஸ்தாபனங்கள் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. கல்வி கொடுப்பதனாலேயே பொது நன்மை உண்டு என்று இனிமேல் ஊகிக்கக் கூடாது. ஸ்தாபனம் அதைக் காட்ட வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. எவ்வளவு செய்தால் போதும் என்ற கேள்வி எழுந்தது. 2011 இல் மேல் நியாயசபை ஒன்று இதை ஆராய்ந்தது. கட்டணம் செலுத்த முடியாதவருக்கும் பேருக்கு மாத்திரமல்லாத நன்மை கிடைக்க வேண்டும். எவ்வழியில் எவ்வளவு என்பதைப் பாடசாலையின் பொறுப்பாளர்களே தீர்மானிக்கலாம் என்பது அதன் முடிவின் சாரம்.

பாடசாலைகள் பலவும் இதை ஏற்றுப் புலமைப்பரிசில்கள் வழங்கின; விளையாட்டு மைதானத்தையும் மண்டபத்தையும் அயற் பாடசாலைகளுக்குத் திறந்துவிட்டன. சில உண்மையான அக்கறையோடு செய்தன; சில கணக்குக் காட்டச் செய்தன. ஆனால், விடப்பட்ட வரி எவ்வளவு, செய்யப்பட்ட நன்மை எவ்வளவு என்று இரண்டையும் தராசில் வைத்து நிறுக்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. குறை அங்கேதான் இருந்தது.

மாற்றம் வந்த விதம்

ஸ்கொத்லாந்து முந்திக்கொண்டது. அங்கு வரிமுறையை ஆராய்ந்த பார்க்லே குழு 2017 இல் இச்சலுகையை நீக்கும்படி சிபாரிசு செய்தது. 2020 இல் சட்டம் இயற்றப்பட்டு, கொவிட் காலத்தினால் பின்போடப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விசேட தேவையுடைய பிள்ளைகளின் பாடசாலைகளுக்கும் இசைக்கெனவே உள்ள விசேட பாடசாலைகளுக்கும் விலக்குத் தொடர்ந்தது.

இங்கிலாந்தில் 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. தனியார் பாடசாலைக் கட்டணத்தின் மீது 2025 ஜனவரி 1 முதல் 20 வீதப் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. இது ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் உரியது. 2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் ஆதனவரிச் சலுகையும் நீக்கப்பட்டது. விசேட தேவை உண்டென்று முறைப்படி உறுதிசெய்யப்பட்ட பிள்ளைகளையே பெரும்பாலும் கொண்ட பாடசாலைகளுக்கு மட்டும் சலுகை தொடர்கிறது. பெறுமதி சேர் வரியை எதிர்த்துப் பெற்றோரும் பாடசாலைகளும் தொடுத்த வழக்குகளை 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஒரு சிறு கணக்கு

பெரிய விவாதங்களில் கணக்குத்தான் முதலில் மறக்கப்படுகிறது. ஆகவே ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பாடசாலையின் மதிப்பீட்டுப் பெறுமதி 200,000 பவுண் என்று வைத்துக்கொள்வோம். 55.5 பென்ஸ் வீதம் முழு வரி 111,000 பவுண். 80 வீதச் சலுகையோடு அது 22,200 பவுண் மட்டுமே கட்டியது. சலுகை போனதால் மேலதிகச் சுமை 88,800 பவுண்.

அங்கு 400 பிள்ளைகள் படித்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 222 பவுண் வரும். நிதிக் கற்கைகள் நிறுவனத்தின் ஆய்வின்படி 2022-23 இல் சராசரிக் கட்டணம் 15,200 பவுண். அதனோடு ஒப்பிட்டால் இந்த 222 பவுண் நூற்றுக்கு ஒன்றரையும் இல்லை. அதே கட்டணத்தின் மீது 20 வீதப் பெறுமதி சேர் வரியோ 3,040 பவுண். பாடசாலை தான் வாங்கும் பொருட்களுக்குச் செலுத்திய வரியை மீளப் பெறலாம் ஆகையால் உண்மையான உயர்வு இதிலும் சற்றுக் குறையும். எப்படிப் பார்த்தாலும் பெற்றோருக்குப் பாரமாக இருப்பது இந்த இரண்டாவது வரியே.

ஆனால் அதே பெறுமதியுள்ள கட்டடத்தில் 80 பிள்ளைகளே படித்தால்? ஒரு பிள்ளைக்கு 1,110 பவுண் வருகிறது. சபை மக்களின் காணிக்கையில் பாதி நடக்கும், குறைந்த கட்டணம் வாங்கும் சிறிய பாடசாலைக்கு இது தாங்கக்கூடிய சுமையன்று. ஆதனவரி வருமானத்தைப் பார்ப்பதில்லை என்று முன்னர் கூறினோம். செல்வம் மிக்க பாடசாலைக்கு இலகுவாகவும் சிறிய பாடசாலைக்குப் பாரமாகவும் ஒரே சட்டம் அமைவதை இங்கே காண்கிறோம்.

இரு தரப்பு நியாயங்கள்

சலுகையை நீக்கக்கூடாது என்போர் கூறுவது இது. தனியார் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் அரச பாடசாலைகளுக்கான வரியையும் கட்டுகின்றனர். ஆனால் அங்குள்ள இடத்தைப் பயன்படுத்துவதில்லை. அப்பிள்ளைகள் அரச பாடசாலைக்கு வந்தால் செலவு அரசுக்கே. 2022-23 இல் அரசு ஒரு மாணாக்கருக்குச் செலவிட்டது சுமார் 8,000 பவுண். மேலும், முறைப்படி உறுதிசெய்யப்படாத, ஆனால் உண்மையில் விசேட கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகள் பலர் சிறிய தனியார் பாடசாலைகளிலே தஞ்சமடைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி?

நீக்க வேண்டும் என்போர் கூறுவது இது. நாட்டுப் பிள்ளைகளில் நூறில் ஏறத்தாழ 7 பேர் கற்கும் பாடசாலைகளுக்கு மிகுதி 93 பேரின் பெற்றோரும் மறைமுகமாகப் பணம் கொடுக்கக் கூடாது. 2003 இலிருந்து 2022 வரை கட்டணங்கள் விலைவாசி உயர்வையும் கடந்து ஏறத்தாழ 55 வீதம் கூடின. ஆனால் மாணாக்கர் பங்கு பெரிதாகக் குறையவில்லை. எனவே பிள்ளைகள் கூட்டமாக வெளியேறுவர் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. 2010 அளவில் தனியார் கட்டணம் அரச பாடசாலையின் ஒரு மாணாக்கருக்கான செலவைவிட 40 வீதம் அதிகமாயிருந்தது. 2022-23 இல் அந்த இடைவெளி ஏறத்தாழ 90 வீதமாயிற்று. இரு வகைப் பாடசாலைகளும் ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்கின்றன.

2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் இங்கிலாந்தின் தனியார் பாடசாலை மாணாக்கர் தொகை முந்திய ஆண்டிலும் சுமார் 11,000 குறைந்திருந்தது. புதிய வரியே காரணம் என்றனர் ஒரு சாரார். பிறப்பு வீதம் குறைந்ததையும் பார்க்க வேண்டும் என்றனர் மறுசாரார். ஓர் ஆண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கூறுவது அவசரமாகும்.

எமது கருத்தில் இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் தொடக்கக் கேள்வி ஒன்று உண்டு. அதை எவரும் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு ஸ்தாபனத்துக்கு விடப்படும் வரி அரசாங்கத்தின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் பணத்துக்குச் சமம். காசோலை எழுதப்படுவதில்லை, வரவு செலவுத் திட்டத்தில் அது வாசிக்கப்படுவதில்லை என்பதே வேறுபாடு. அந்தத் தொகையை மற்றவர்கள் கூடுதலாகக் கட்டுகிறார்கள், அல்லது ஏதோ ஒரு சேவை குறைகிறது. பணத்தைப் பெற்றவரிடம் கணக்குக் கேட்பது நியாயமென்றால், வரிவிலக்குப் பெற்றவரிடம் கேட்பதும் நியாயமே.

அறவிட்ட பணம் எங்கே போகிறது?

இதுவரை வரியை அறவிடுவது பற்றியே பேசினோம். அறவிட்டதனால் ஏழைப் பிள்ளையின் வகுப்பறைக்குப் பணம் வந்துவிடுமா? இது வேறு கேள்வி.

இங்கிலாந்து அரசின் மதிப்பீட்டின்படி ஆதனவரி மாற்றத்தால் ஆண்டுக்குச் சுமார் 14 கோடி பவுண் கிடைக்கும். அங்குள்ள அரச பாடசாலைகளின் ஆண்டுச் செலவு 6,000 கோடி பவுணுக்கு மேல். நூறு பவுண் செலவுக்கு இது கால் பவுண்கூட இல்லை. பெறுமதி சேர் வரியையும் சேர்த்தால் 2029-30 அளவில் ஆண்டுக்கு 180 கோடி பவுண் என்பது எதிர்பார்ப்பு. அப்போதும் நூறுக்கு மூன்று அளவுதான். இப்பணத்தைக் கொண்டு 6,500 புதிய ஆசிரியர்களைச் சேர்ப்பதாக அரசாங்கம் வாக்களித்தது. ஆனால் சட்டத்தில் இதற்கெனத் தனி உண்டியல் இல்லை. ஆதனவரியில் ஒரு பகுதி உள்ளூராட்சி மன்றத்தோடு நிற்கிறது. மிகுதி மத்திக்குச் செல்கிறது. பாடசாலைகளுக்கான பணம் கல்வித் திணைக்களத்தினூடாக வேறாக வருகிறது. வாக்கு நிறைவேறுகிறதா என்று ஆண்டுதோறும் கேட்பவர் இருந்தால்தான் அது நிறைவேறும்.

அப்படியானால் ஆதனவரிப் பணம் நேரே அவ்வூர்ப் பாடசாலைக்கே போகும்படி செய்தால் என்ன என்று நாம் கேட்கலாம். அப்படிச் செய்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அதன் பலனை ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் காணலாம்.

1967-68 இல் அந்நகரின் எட்ஜ்வூட் என்ற கல்விப் பிரிவில் சுமார் 22,000 பிள்ளைகள் படித்தனர். பெரும்பாலானோர் மெக்சிக்க வம்சாவளியினர், தொழிலாளர் குடும்பங்கள். ஒரு பிள்ளைக்கு அங்கிருந்த ஆதனப் பெறுமதி 5,960 டொலர். மக்கள் தமது ஆதனத்தின் ஒவ்வொரு நூறு டொலருக்கும் 1 டொலர் 5 சதம் வரி கட்டினார்கள். அந்நகரப் பகுதியிலேயே மிகக் கூடிய வரி வீதம் அதுதான். அவ்வளவு கட்டியும் ஒரு பிள்ளைக்கு அவர்களால் மேலதிகமாகத் திரட்ட முடிந்தது 26 டொலர். அதே நகரின் செல்வந்தப் பகுதியான அலமோ ஹைற்ஸில் ஒரு பிள்ளைக்கு 49,000 டொலருக்கு மேற்பட்ட ஆதனம் இருந்தது. அவர்கள் கட்டிய வீதம் 85 சதம் மட்டுமே. கிடைத்ததோ ஒரு பிள்ளைக்கு 333 டொலர். மாநில, மத்திய உதவிகளையும் சேர்த்த பின்னரும் ஏழைப் பகுதிப் பிள்ளைக்கு 356 டொலரும் செல்வந்தப் பகுதிப் பிள்ளைக்கு 594 டொலரும் செலவிடப்பட்டது.

கூடிய வீதத்தில் கட்டியவருக்குக் குறைந்த பலன்! உலோகத் தகட்டு வேலை செய்த டெமெத்ரியோ ரொட்றிக்கஸ் என்ற தகப்பனும் வேறு சில பெற்றோரும் 1968 இல் வழக்குத் தொடுத்தனர். 1973 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களின் கோரிக்கையை நிராகரித்தது. பெற்றோர் விடவில்லை. எட்ஜ்வூட் மக்கள் பின்னர் மாநில நீதிமன்றங்களை நாடினர். 1989 இல் ரெக்சாஸ் மாநில உயர் நீதிமன்றம் நிதிமுறை மாநில யாப்புக்கு முரணானது என்று ஏகமனதாகத் தீர்த்தது. 1993 இல், செல்வப் பகுதிகளின் வரியில் ஒரு பங்கை எடுத்து ஏழைப் பகுதிகளுக்குக் கொடுக்கும் சட்டம் வந்தது. முதல் வழக்கிலிருந்து எண்ணினால் இருபத்தைந்து ஆண்டுகள்! வழக்குத் தொடங்கியபோது முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் தானே பெற்றோராகியிருக்கும்.

இதிலிருந்து நாம் கற்பது: ஊரின் வரி ஊரின் பாடசாலைக்கு என்பது கேட்க நன்றாயிருக்கும். ஆனால் பணக்கார ஊரும் ஏழை ஊரும் உள்ள நாட்டில் அது பிள்ளையின் கல்வியை அப்பிள்ளை பிறந்த வீதியோடு கட்டிப்போடும்.

எமது நாட்டை நோக்கினால்

எமது நாட்டில் பாடசாலைகள் சோலைவரியில் நடப்பதில்லை. ஆசிரியர் சம்பளம் தேசிய பாடசாலைகளுக்கு மத்திய அமைச்சிலிருந்தும், ஏனைய அரச பாடசாலைகளுக்கு மாகாண நிர்வாகத்தினூடாகவும் வருகிறது. ஏழைப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருப்பதால் ஒரு பாடசாலைக்கு ஆசிரியர் சம்பளம் குறைவதில்லை. இது சிறிய வரமன்று. எட்ஜ்வூட் மக்கள் இருபத்தைந்து ஆண்டுகள் போராடியதன் அடிப்படை எமக்கு ஏற்கெனவே உண்டு. ஆயினும் கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் பழைய மாணவர் சங்கத்தையும் பெற்றோரையும் நம்பியிருக்கும்போது, அதே ஏற்றத்தாழ்வு வேறு வாசலால் உள்ளே வந்துவிடுகிறது. வெளிநாட்டில் பழைய மாணவர் உள்ள பட்டணப் பாடசாலையையும், எவரும் இல்லாத குளத்தடிக் கிராமப் பாடசாலையையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1945 இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோது, நன்கொடை பெற்ற பாடசாலைகள் முன் ஒரு தெரிவு வைக்கப்பட்டது. அரசின் நன்கொடை வேண்டுமானால் கட்டணம் வாங்கக்கூடாது. கட்டணம் வாங்குவதானால் நன்கொடை இல்லை. பின்னர் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசின் கையில் சேர்த்தன. தனித்து நிற்க விரும்பியவை அரசின் நன்கொடை இன்றி நிற்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் திருச்சபைகள் அடைந்த வேதனையை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆயினும் 1945 இன் தெரிவில் ஒரு நேர்மை இருந்தது: பொதுப் பணத்தைத் தொடும் கை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். இங்கிலாந்து வரிவிலக்கு விடயத்தில் 2025 இல் வந்துசேர்ந்த இடமும் ஏறத்தாழ இதுவே.

முடிவாக

மூன்று விடயங்களை நாம் மனதில் இருத்தலாம். முதலாவது, வரிவிலக்கு ஓர் உரிமையன்று; அது செய்யவேண்டிய சேவைக்காக முற்கூட்டியே கொடுக்கப்பட்ட சம்பளம். சேவை நின்றால் சம்பளமும் நிற்கும். இரண்டாவது, எல்லாத் தனியார் பாடசாலைகளையும் ஒரே கண்ணால் பார்க்கும் சட்டம் வலியவரைத் தொடாமல் எளியவரை வருத்தக்கூடும். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு விலக்கு வைத்தவர்கள் குறைந்த கட்டணப் பாடசாலைகளையும் சிந்தித்திருக்கலாம் என்பது எமது எண்ணம். மூன்றாவது, வரியை அறவிடுவது பாதி வேலையே. அப்பணம் எந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது என்று பின்தொடர்ந்து பார்ப்பது மிகுதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியைச் செய்யவேண்டியவர்கள் பெற்றோரும் ஊராருமே.

பாடசாலை நடத்தும் ஸ்தாபனங்களுக்கு எமது வேண்டுகோள் இது. சட்டம் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எமது வளவுக்கு எவ்வளவு வரி விடப்பட்டிருக்கிறது, அதற்கு ஈடாகக் கட்டணம் கட்ட முடியாத எத்தனை பிள்ளைகளை நாம் படிப்பித்தோம் என்று ஆண்டுக்கொருமுறை தாமே எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்களானால், அயலவரின் கேள்விக்கு அதுவே மறுமொழியாகும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பிரதேச சபை அல்லது நகரசபை எல்லைக்குள் எந்தெந்தக் கட்டடங்களுக்கு ஆதனவரி விலக்கு உண்டு? காரியாலயத்தில் விசாரித்து அறிந்து, அவ்வொவ்வொன்றும் ஊருக்குச் செய்யும் நன்மையைப் பட்டியலிடுக.

2. கட்டணம் வாங்கும் ஒரு பாடசாலை எத்தனை ஏழைப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்தால் வரிவிலக்குக்குத் தகுதியுடையது என்று கருதுவீர்கள்? காரணம் கூறுக.

3. உங்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கடந்த ஆண்டு அரசிடமிருந்து கிடைத்தது எவ்வளவு? பெற்றோரிடமிருந்தும் பழைய மாணவரிடமிருந்தும் கிடைத்தது எவ்வளவு? அயலிலுள்ள பட்டணப் பாடசாலையோடு ஒப்பிடுக.

4. செல்வமுள்ள பாடசாலையும் எளிய பாடசாலையும் நீதியாக நடத்தப்படும்படி ஒரு வரிமுறையை நீங்கள் அமைப்பதானால், வளவைப் பார்ப்பீர்களா, வருமானத்தைப் பார்ப்பீர்களா, சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பார்ப்பீர்களா?